சார்ட்டைச் சுருக்கினால் எழுத்து நசுங்குகிறதா? இங்க்ஸ்கேப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சார்ட்டை வெக்டார் மென்பொருளில் (படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் கையாளும் இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவை) திறந்து, ஓரத்துப் பிடியை இழுத்து அகலத்தைக் குறைக்கிறோம். எழுத்து ஒல்லியாகிறது, வட்டப் புள்ளி முட்டையாகிறது, நிற்கும் கோடு ஒரு தடிமனிலும் படுத்த கோடு வேறொரு தடிமனிலும் தெரிகிறது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. இது சார்ட் என்பது அதற்குத் தெரியாது. தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் நசுக்கிவிடுகிறது.

சார்ட்டுக்குள் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. வளைகோடு, பார், கிரிட் கோடு, அச்சு ஆகியவை தரவைச் சுமப்பவை. இவை எல்லாம் சேர்ந்து ஒரே விகிதத்தில் நீண்டாலோ குறுகினாலோ தரவு கெடாது, ஏனென்றால் அச்சும் கூடவே நீள்கிறது. எழுத்து, எண், கோட்டின் தடிமன், புள்ளி, அச்சில் இருக்கும் சின்னக் குறிக்கோடு, அம்புத்தலை ஆகியவை பார்ப்பவரின் கண்ணுக்காக இருப்பவை. இவை இடம் மாறலாம், அளவு மாறக்கூடாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இரண்டாம் வகை முதல் வகையோடு சேர்ந்து இழுபட்டதால் வருபவை.

சில இடங்களில் இந்த எல்லைக்கோடு ஒரே உருவத்தின் நடுவிலேயே ஓடும். தரவின் பிழை அளவைக் காட்டும் எரர் பாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிற்கும் கோட்டின் நீளம் தரவு, மேலும் கீழும் உள்ள தொப்பிக் கோடுகளின் அகலம் வெறும் அலங்காரம். பபிள் சார்ட்டில் வட்டத்தின் பரப்பே தரவு. அதனால் வட்டங்கள் பழைய அளவிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் லெஜண்டில் (குறி விளக்கப் பெட்டியில்) உள்ள மாதிரி வட்டங்களோடு ஒத்துவராது.

முதலில் ஒரு கேள்வி: சார்ட்டை உருவாக்கிய நிரல் கையில் இருக்கிறதா? இருந்தால் இதையெல்லாம் படிக்க வேண்டாம், அங்கேயே அளவை மாற்றிவிடுங்கள். பைத்தான் மொழியில் சார்ட் வரையும் மேட்பிளாட்லிப் தானாகத் தரும் படத்தின் அளவு 6.4 × 4.8 அங்குலம், எழுத்து 10 பாயிண்ட். ‘நேச்சர்’ ஆய்விதழின் ஒற்றைப் பத்தி 89 மில்லிமீட்டர், அதாவது சுமார் 3.5 அங்குலம். 6.4-ஐ 3.5 ஆகச் சுருக்கினால் 10 பாயிண்ட் எழுத்து ஐந்தரை பாயிண்ட்டுக்கு வந்துவிடும். அந்த இதழ் கேட்பது 5 முதல் 7 பாயிண்ட் வரை. அதனால் எப்படியோ தப்பித்துவிடும், ஆனால் படிப்பவருக்குக் கண் வலிக்கும். நிரலிலேயே 3.5 அங்குலம், எழுத்து 7 பாயிண்ட் என்று கொடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை. புள்ளியியலுக்கான ஆர் மொழியில், படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளைக்கு அகலத்தை மில்லிமீட்டரிலேயே கொடுக்கலாம். மேட்பிளாட்லிப்பில் சேமிக்கும்போது ஓரத்து வெள்ளையை வெட்டும் ‘டைட்’ அமைப்பு இருந்தால், நீங்கள் கொடுத்த அளவு அப்படியே வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிரல் இல்லை, பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் வேறு யாரோ அனுப்பியது என்றால் தொடருங்கள். மெனுப் பெயர்கள் இங்க்ஸ்கேப் 1 வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை.

எழுத்து நசுங்கியோ இழுபட்டோ இருக்கிறது

அது உண்மையில் எழுத்துதானா என்று முதலில் பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் அதைச் சொடுக்கினால் கீழ்ப்பட்டையில் ‘டெக்ஸ்ட்’ என்றோ ‘பாத்’ என்றோ வரும்.

டெக்ஸ்ட் என்றால், எவ்வளவு நசுக்கினீர்களோ அதற்கு நேர்மாறாக விரிக்க வேண்டும். அகலத்தை 60 சதவீதமாக்கியிருந்தால் நூறை 0.6-ஆல் வகுத்து 166.67 சதவீதம். ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் ‘செலக்ட் சேம்’ என்பதன் கீழ் ‘ஆப்ஜெக்ட் டைப்’ கொடுத்தால் எல்லா எழுத்துகளும் தேர்வாகிவிடும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் அழுத்தி ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பலகத்தைத் திறந்து, ‘ஸ்கேல்’ பகுதியில் அகலத்துக்கு மட்டும் 166.67 கொடுங்கள். உயரம் 100-லேயே இருக்கட்டும். ‘அப்ளை டு ஈச் ஆப்ஜெக்ட் செப்பரேட்லி’ என்ற பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். அதை விட்டால் எல்லாம் ஒரே கட்டாக விரிந்து பழைய இடத்துக்கே போய்விடும்.

நிமிர்ந்து நிற்கும் ஒய் அச்சுத் தலைப்புக்கும், 45 டிகிரி சாய்ந்த எண்களுக்கும் இதே எண்தான். சாய்ந்த எழுத்து நசுங்கும்போது கோணலாகவும் ஆகிவிடுவதால் பயமாக இருக்கும். ஆனால் அதே திசையில் நேர்மாறாக விரித்தால் கோணலும் சேர்ந்து சரியாகிவிடும். தனியாகச் சுழற்றித் திருத்தப் போனால்தான் குழப்பம்.

ஒரு பக்க விளைவு உண்டு. ஒவ்வொரு எழுத்தும் தன் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் விரிகிறது. எக்ஸ் அச்சு எண்களுக்கு அதனால் பாதிப்பில்லை, அவை குறிக்கோட்டுக்கு நேர் நடுவில் இருப்பவை. ஒய் அச்சு எண்களோ வலது ஓரம் சேர்ந்து நிற்பவை. விரிந்ததும் ‘1000’ அச்சை முட்டும், ‘0’ தள்ளியே நிற்கும். அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘அலைன் அண்ட் டிஸ்ட்ரிபியூட்’ பலகத்தில் வலது ஓரங்களைச் சேர்த்து, மொத்தமாக இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

இல்லஸ்ட்ரேட்டரில் இது இன்னும் சுலபம். செலக்ட் மெனுவின் ‘ஆப்ஜெக்ட்’ பிரிவில் எழுத்துப் பொருள்களை எல்லாம் ஒரேயடியாகத் தேர்ந்தெடுக்கலாம். அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ். கிடைமட்ட விகிதம் 100 சதவீதத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு எழுத்தளவை நீங்கள் விரும்பும் பாயிண்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கீழ்ப்பட்டையில் ‘பாத்’ என்று வந்தால் எழுத்து எப்போதோ வெறும் வடிவமாகிவிட்டது. மேட்பிளாட்லிப் எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பாகச் சேமிக்கும்போது இயல்பாகவே இப்படித்தான் செய்யும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு குரூப்பாக்கி, அந்தக் குரூப்புகளுக்கு மேலே சொன்ன நேர்மாறு விரிப்பைக் கொடுத்தால் தோற்றம் சரியாகும். எழுத்தளவை எண்ணால் மாற்ற மட்டும் முடியாது. நிரலைத் தொட முடிந்தால் ‘எஸ்விஜி.ஃபான்ட்டைப்’ என்ற அமைப்பை ‘நன்’ ஆக்குங்கள், எழுத்து எழுத்தாகவே வரும்.

தமிழில் அச்சுப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த அமைப்பு இரட்டிப்புப் பயன். மேட்பிளாட்லிப் பல காலமாகக் கொம்பையும் காலையும் அவற்றுக்கு உரிய இடத்தில் வைக்கத் தெரியாமல் ‘கொ’, ‘கை’ போன்றவற்றைச் சிதைத்துத்தான் வரைந்தது. வடிவமாக்காமல் எழுத்தாகவே சேமித்தால், கோர்க்கும் வேலையை இங்க்ஸ்கேப் பார்த்துக்கொள்ளும். கணினியில் நல்ல தமிழ் யூனிகோட் எழுத்துரு இருந்தால் போதும்.

இழுக்கவே இல்லை, ஆனாலும் எழுத்து நெருக்கிக்கொண்டு இருக்கிறது

ஆர் மொழியில் எஸ்விஜி கோப்பு உருவாக்கும் எஸ்விஜிலைட் வழியாக வந்த கோப்பா என்று பாருங்கள். அது ஒவ்வொரு சொல்லுக்கும் ‘இவ்வளவு நீளத்துக்குள் அடங்க வேண்டும்’ என்று ஒரு குறிப்பையும் எழுதி வைக்கும். எழுத்துருவை மாற்றியதும், புதிய எழுத்து அந்தப் பழைய நீளத்துக்குள் திணிக்கப்படுகிறது. இங்க்ஸ்கேப்பின் எக்ஸ்எம்எல் எடிட்டரில் ‘டெக்ஸ்ட்லெங்த்’ என்ற பண்பை நீக்கினால் சரி. நிரலிலேயே ‘ஃபிக்ஸ் டெக்ஸ்ட் சைஸ்’ என்ற தேர்வை அணைத்தும் விடலாம்.

புள்ளிகள் இருந்த இடத்தில் ‘q’ என்ற ஆங்கில எழுத்து நிறையத் தெரிகிறதா? அதுவும் ஆர் தரும் பிடிஎஃப்தான். பழைய பதிப்புகள் வட்டத்தை வட்டமாக வரையாமல் டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருவில் இருக்கும் ஒரு குறியாக எழுதும். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் அதே இடத்தில் ‘க்யூ’ வந்து நிற்கும். பிடிஎஃப் கட்டளையில் ‘யூஸ்டிங்பேட்ஸ்’ என்பதைப் பொய் என்று கொடுத்து மறுபடி எடுக்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாக மாற்றுவது வீண்.

கோடுகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும்

அகலத்தை மட்டும் 1.6 மடங்காக இழுத்தால், நிற்கும் கோட்டின் தடிமன் 1.6 மடங்காகும், படுத்த கோடு அப்படியே இருக்கும், வளைகோடு திசைக்குத் திசை தடிமன் மாறிக்கொண்டே போகும். இதைத் தடுக்கும் பொத்தான் இரண்டு மென்பொருளிலும் உண்டு. இங்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவி கையில் இருக்கும்போது மேல்பட்டையின் வலது ஓரத்தில் நான்கு சின்னப் பொத்தான்கள் தெரியும். அளவு மாறும்போது கோட்டுத் தடிமனும் கூடவே மாற வேண்டுமா என்பதை முதல் பொத்தான் தீர்மானிக்கிறது. அதை அணைத்துவிட்டு இழுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்சஸில் ‘ஜெனரல்’ பகுதியில் ‘ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்’ என்று இருக்கும். அதிலும் இதையேதான் செய்ய வேண்டும்.

அணைத்தும் சரியாகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் குளோன். மேட்பிளாட்லிப் எஸ்விஜியில் புள்ளிகளும் அச்சுக் குறிக்கோடுகளும் இப்படித்தான் இருக்கும். ஒரு மூல வடிவம் கோப்புக்குள் ஒளிந்திருக்கும், கண்ணில் படுவதெல்லாம் அதன் நகல்கள். நகலின் மேல் நாம் கொடுக்கும் இழுப்பு அந்த வடிவத்துக்குள் எழுதப்படாமல் வெளியே ஒரு மாற்றமாக ஒட்டிக்கொள்கிறது, தடிமனும் அதில் மாட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், ஆல்ட், டி மூன்றையும் அழுத்தினால் குளோன் தொடர்பு அறும். குரூப்புக்குள் குரூப்பாக இருந்தால், பிரிக்க எதுவும் மிச்சமில்லாத வரை கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் அழுத்துங்கள். இந்த இரண்டையும் இழுப்பதற்கு முன்பே செய்துவிடுவது உத்தமம்.

ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பு என்றால், பிரித்து முடித்த பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அம்பு விசையால் ஒரு படி நகர்த்தி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ப்ரிஃபரன்சஸில் மாற்றங்களைச் சேமிக்கும் முறை ‘ஆப்டிமைஸ்டு’ என்று இருந்தால், வெளியே ஒட்டியிருந்த மாற்றம் அந்தச் சின்ன நகர்வில் பாதைக்குள் கரைந்துவிடும். பிறகு ‘ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்’ பலகத்தில் தடிமனை நீங்களே எண்ணாகக் கொடுங்கள். அச்சுக்கு அரை பாயிண்ட், தரவுக் கோட்டுக்கு ஒரு பாயிண்ட் என்பது சிறிய படங்களுக்கு என் வழக்கம்.

அந்தப் பலகத்தில் கோடு என்று எதுவுமே இல்லை, நிறம் நிரப்பிய ஒல்லிச் செவ்வகம்தான் இருக்கிறது என்றால், ஏதோ ஒரு மென்பொருள் வழியில் கோட்டை வடிவமாக்கிவிட்டது. அச்சுக் கோடுகளை மேலேயே புதிதாக வரைந்து பழையதை அழிப்பதுதான் வேகமான வழி.

வட்டங்கள் முட்டையாகிவிட்டன

எழுத்துக்குச் சொன்ன அதே நேர்மாறு விரிப்புதான். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு ஆப்ஜெக்ட் மெனுவில் ‘டிரான்ஸ்ஃபார்ம் ஈச்’ இருக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். ஒரே நிறம் உள்ளவற்றை எடு என்று சொன்னால் புள்ளியோடு அதே நிறத்து வளைகோடும் மாட்டும். அதையும் விரித்தால் தரவே நகர்ந்துவிடும், அதுவும் பார்த்தவுடன் தெரியாத அளவுக்கு. புள்ளிகளுக்கு உள்நிறம் இருக்கும், வளைகோட்டுக்கு இருக்காது என்பதால் உள்நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரே பாதையாகச் சேர்ந்திருந்தால் முதலில் ‘பிரேக் அபார்ட்’ கொடுத்துப் பிரிக்க வேண்டும்.

பை சார்ட், நிலப்படம், இரண்டு அச்சிலும் ஒரே அலகு இருக்க வேண்டிய சிதறல் படம் ஆகியவற்றை ஒரு பக்கம் மட்டும் இழுக்கவே கூடாது. இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மூலையைப் பிடித்து இழுங்கள், அல்லது அகல உயரப் பெட்டிகளுக்கு இடையில் இருக்கும் பூட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அகலம் போதாவிட்டால் லெஜண்டைக் கீழே இறக்கி இடம் பண்ணலாம்.

கெட்ட பிறகு திருத்தாமல், கெடாமலே இழுக்க

குரூப்புகளையும் குளோன்களையும் பிரியுங்கள். லெஜண்டை ஒரு குரூப்பாக்கி ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள், அதற்கு இந்த வேலையில் பங்கே இல்லை. தடிமன் பொத்தானை அணையுங்கள். இப்போது தரவு, கிரிட், அச்சு, குறிக்கோடு, எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இழுங்கள். எண்களும் புள்ளிகளும் நசுங்கட்டும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது அவற்றின் நடுப்புள்ளி சரியான இடத்துக்குப் போவதுதான். பிறகு எண்களுக்கும் புள்ளிகளுக்கும் எரர் பார் தொப்பிகளுக்கும் நேர்மாறு விரிப்பு. படுத்த குறிக்கோடுகளுக்கு அகல மாற்றமும் நிற்கும் குறிக்கோடுகளுக்கு உயர மாற்றமும்தான் பாதிப்பு. அவற்றைத் திருத்தும்போதும் நடுவிலிருந்து விரிவதால், அச்சைத் தொடும்படி ஓரத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

எண்களைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் ‘டிஸ்ட்ரிபியூட்’ கொடுத்துச் சம இடைவெளியில் பரப்பலாமே என்று தோன்றும். சாதாரண அச்சுக்கு அது சரி. லாக் அச்சில் (மடங்குகளாக ஏறும் அச்சு) 1, 2, 5, 10 போன்ற எண்களின் குறிக்கோடுகள் சம இடைவெளியில் இருக்காது. அங்கே அதைச் செய்தால் படம் அழகாகவும் தப்பாகவும் வரும். இழுத்துவிட்டு நேர்மாறாக விரிக்கும் முறைக்கு எந்த அச்சானாலும் கவலையில்லை.

அடிக்கடி செய்கிறவர்கள் ‘சயின்டிஃபிக் இங்க்ஸ்கேப்’ என்ற இலவச நீட்சித் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். அதில் உள்ள ‘ஸ்கேல் பிளாட்ஸ்’ இதைத்தான் தானாகச் செய்கிறது. நீளமான படுத்த கோட்டையும் நிற்கும் கோட்டையும் வைத்து வரைபடப் பகுதி எது என்று கண்டுபிடித்து, எழுத்தைத் தொடாமல் மற்றதை இழுக்கும். ஏற்கெனவே நசுங்கிய படத்தைத் திருத்தவும் அதில் வழி உண்டு. முதலில் அதே தொகுப்பின் ‘ஃபிளாட்டனர்’ ஓட்டி அடுக்கடுக்கான குரூப்புகளைக் கரைத்துவிட்டால் சிக்கல் குறைவு. அச்சுக் கோடே இல்லாத நவீன பாணி சார்ட்டில் அது தடுமாறலாம். அப்போது வரைபடப் பகுதியைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து கொடுங்கள்.

வளைகோடு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது

கோட்டை இழுத்தோம், அதை எல்லைக்குள் வெட்டிக் காட்டும் கிளிப் பழைய அளவிலேயே இருக்கிறது. ஆப்ஜெக்ட் மெனுவில் ‘கிளிப்’ கீழ் ‘ரிலீஸ்’. வெளியே வரும் செவ்வகத்தை அழித்துவிடலாம். அச்சு எல்லைக்கு வெளியே போகும் தரவு இருந்தால் மட்டும் புதிய அளவில் ஒரு கிளிப் போட வேண்டியிருக்கும்.

பார்களுக்குள் இருக்கும் சாய்கோட்டு நிரப்பு இழுபட்டால், மேல்பட்டையின் நான்கு பொத்தான்களில் பேட்டர்னுக்கு உரிய கடைசிப் பொத்தானை அணைத்துவிட்டு இழுங்கள். வட்ட மூலை உள்ள பார்களுக்கு இரண்டாவது பொத்தான்.

வண்ணக் கட்டங்களுக்கு இடையே வெள்ளை மயிர்க்கோடு

ஹீட்மேப்பிலும் காண்டூர் படத்திலும் வரும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் ஓரங்களைத் திரை மென்மையாக்குவதால் நடுவில் பின்னணி எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சொந்த நிறத்திலேயே மெல்லிய ஓரக்கோடு கொடுத்தால் மறையும். நிறம் நிறமாகத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும், கொஞ்சம் சலிப்பான வேலை.

மொத்த அளவே தப்பாக வருகிறது

எதையும் நசுக்கவில்லை, ஆனால் படம் சரியாக 75 சதவீதமாகத் தெரிகிறது என்றால் அது இல்லஸ்ட்ரேட்டரில் சேமித்த எஸ்விஜி. அங்கே ஒரு அங்குலத்துக்கு 72 பிக்சல், இங்க்ஸ்கேப்பில் 96. பூட்டைப் போட்டு, தடிமன் பொத்தானை இந்த ஒரு தடவை இயக்கிவிட்டு 133.33 சதவீதம் கொடுங்கள். இல்லையென்றால் எஸ்விஜியை விட்டுவிட்டு பிடிஎஃப் வழியாகக் கொண்டுபோங்கள். 93.75 சதவீதம் என்றால் அது பழைய கோப்பு. 2017 தொடக்கத்தில் வந்த 0.92 பதிப்பில்தான் இங்க்ஸ்கேப் 90-லிருந்து 96-க்கு மாறியது. அப்படிப்பட்ட கோப்பைத் திறக்கும்போது மென்பொருளே கேட்கும், அந்தக் கேள்வியைப் படிக்காமல் சரி கொடுத்துவிடுவதால் வரும் வினை இது.

இரண்டு சார்ட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து இடது ஓரத்தைச் சேர்த்தும் அச்சுகள் துளி விலகி நிற்கிறதா? கோட்டுத் தடிமனையும் சேர்த்து அளக்கிறது மென்பொருள். ப்ரிஃபரன்சஸில் ‘டூல்ஸ்’ பகுதியில் ‘ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்’ என்று மாற்றிவிட்டுச் சேருங்கள். எழுத்துகளைத் தேர்வில் சேர்க்காமல் அச்சுச் சட்டத்தை மட்டும் வைத்துச் சேர்க்க வேண்டும் என்பதும் உண்டு.

இங்க்ஸ்கேப்பில் 7 பாயிண்ட், கட்டுரையில் பார்த்தால் 5

கட்டுரை எழுதும் மென்பொருளான லேட்டெக்ஸிலோ வேர்டிலோ படத்தைச் சேர்க்கும் இடத்தில் மறுபடி சுருங்குகிறது. லேட்டெக்ஸில் பத்தி அகலத்துக்குப் பொருத்து என்று எழுதியிருப்பீர்கள், படமோ அதைவிட அகலமாக இருக்கும். பத்தியின் அகலம் எவ்வளவு என்று பார்த்து, படத்தின் பக்க அளவை அதற்குச் சமமாக்கி, சேர்க்கும் கட்டளையில் அகலத்தை எடுத்துவிடுங்கள். வேர்டில் படத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் அளவுப் பகுதிக்குப் போய், விகிதம் 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்க ஓரத்துக்கு அடங்குவதற்காக அதுவாகவே குறைத்திருக்கும்.